எந்த ராபின் ஹூட்? ஒரு சனிக்கிழமை ராத்திரிக்கு ஆறு படங்கள்

ஓடிடியில் ‘ராபின் ஹூட்’ என்று தேடிப் பாருங்கள். ஒரே பெயரில் பல படங்கள் வரிசையாக வந்து நிற்கும். 1922இல் வந்த மௌனப் படத்துக்கும் அதே பெயர், 1973 டிஸ்னி கார்ட்டூனுக்கும் அதே பெயர், 2010க்கும் 2018க்கும் அதே பெயர். போதாக்குறைக்கு பிருத்விராஜ் நடித்த 2009 மலையாளப் படம், நிதின் நடித்த 2025 தெலுங்குப் படம். தெலுங்குப் படத்தில் கிரிக்கெட் வீரர் டேவிட் வார்னர் தலைகாட்டுகிறார். ராபின் ஹூட் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் ஷெர்வுட் காட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதனால் தட்டுவதற்கு முன் ஆண்டைப் பாருங்கள். இந்த விஷயத்தில் படத்தின் பெயர் எதற்கும் உதவாது.

என்னிடம் இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: “புதுசா, ஆக்‌ஷனா ஒரு ராபின் ஹூட் வந்துச்சே, பார்க்கலாமா? இல்ல பழசையே பார்க்கணுமா?” அவர்கள் சொல்லும் புதுசு 2018இல் டேரன் எகர்டன் நடித்தது. அதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக வேறு எதைப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் முடிவு வரும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் ஒன்றைத் தள்ளிவிடுகிறேன்: “எது அசல் கதைக்கு நெருக்கம்?” என்ற கேள்வி. அசல் என்று ஒன்று இருந்தால்தானே நெருங்க முடியும்? 1500 வாக்கில் அச்சான பழைய நெடும்பாடலில் ராபின் பிரபு அல்ல, சாதாரணக் குடியானவன் வகை ஆள். அரசன் பெயர் படங்களில் வரும் ரிச்சர்ட் அல்ல, எட்வர்ட். காடும் பெரும்பாலும் யார்க்‌ஷயரில் உள்ள பார்ன்ஸ்டேல். ராபினின் காதலி மேரியன் அதில் இல்லவே இல்லை. அவள் மே மாதத் திருவிழாக் கூத்துகளின் வழியாக ராபினோடு வந்து சேர்ந்தவள். ராபினை 12ஆம் நூற்றாண்டு அரசர் ரிச்சர்டின் காலத்துக்குக் கொண்டுபோனது 1521இல் ஜான் மேஜர் என்ற ஸ்காட்லாந்து வரலாற்றாசிரியர். அவனைப் பிரபுவாக்கியது 1598இல் ஆண்டனி மண்டே எழுதிய நாடகங்கள். இங்கிலாந்தின் பழைய குடிகளான சாக்சன்களுக்கும் வென்று ஆண்ட நார்மன்களுக்கும் இடையிலான பகையைப் பெரிதாக்கியவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டியதை ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே 2018காரர்களும் ஒட்டலாம், அதில் தப்பில்லை. ஒட்டியது நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

வில். இது வில்லாளியின் கதை. கத்திச் சண்டை எந்தப் படத்திலும் கிடைக்கும். அம்பு விடுவதை எப்படிப் படமாக்கியிருக்கிறார்கள், ஆளையும் அம்பையும் இலக்கையும் கண்ணால் தொடர முடிகிறதா?

ஷெரீஃப் (நாட்டிங்ஹாம் ஊரில் அரசனின் அதிகாரி), அல்லது அந்த இடத்தில் இருப்பவன். காட்டில் ஒளிந்திருப்பவனுக்கு ஊருக்குள் ஒரு சரியான எதிராளி வேண்டும். அவன் சப்பென்று இருந்தால் படமும் சப்பென்றுதான் இருக்கும்.

பணம். பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தான் என்கிறோம். சரி, யாரிடமிருந்து, எந்தப் பணம், யார் கைக்கு? இதைக் காட்டாத படம், தொப்பி போட்ட இன்னொரு சூப்பர் ஹீரோ படம்.

கூட உட்கார்பவர்கள். எட்டு வயதுப் பிள்ளையா, கல்லூரி நண்பர்களா, அம்மா அப்பாவா? பாதிக் குழப்பம் இதைத் தீர்மானிக்காமல் ரிமோட்டை எடுப்பதால் வருவது.

## 2018: எகர்டனின் ராபின் ஹூட்

ஆட்டோ பாத்தர்ஸ்ட் இயக்கியது, 116 நிமிடம். ஜான் என்ற கூட்டாளியாக ஜேமி ஃபாக்ஸ், ஷெரீஃபாக பென் மெண்டல்சன், மேரியனாக ஈவ் ஹ்யூசன். தயாரித்தவர்களில் லியோனார்டோ டிகாப்ரியோவும் ஒருவர். குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கிலும் ஹங்கேரியிலும் எடுத்தார்கள்.

தொடக்கத்திலேயே வரலாற்றை மறந்துவிட்டு வாருங்கள் என்று படம் கைகழுவிவிடுகிறது. இளம் பிரபு ராபுக்கு (ராபினை இதில் இப்படித்தான் அழைக்கிறார்கள்) சிலுவைப் போருக்கு வரச்சொல்லி ஆணை வருகிறது, இருபதாம் நூற்றாண்டுப் படைசேர்ப்புக் கடிதம் மாதிரியே. அப்புறம் பாலைவன நகரத்தில் ஒரு சண்டை. இந்தப் படத்தில் நான் முழு மனதோடு சிபாரிசு செய்யும் காட்சி அதுதான். வீரர்கள் நாணில் அம்பைப் பொருத்தி, துப்பாக்கியை ஏந்துவதுபோல முன்னால் நீட்டிக்கொண்டு, சந்து சந்தாக மூலை திரும்புகிறார்கள். மேலே இருந்து எதிரிகளின் தொடர் அம்பு எந்திரம் சுவரைச் சல்லடையாக்குகிறது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்ப் படங்களை அப்படியே 12ஆம் நூற்றாண்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அபத்தம்தான், ஆனால் சாமர்த்தியமான அபத்தம்.

வில் விஷயத்திலும் படம் ஒன்றைச் சரியாகப் பிடிக்கிறது. ஆளுயர இங்கிலீஷ் வில்லை ஓரங்கட்டிவிட்டு, குறுகிய இடத்தில் வேகமாக விட ஏற்ற குட்டை வில்லை ராப் எடுக்கிறான். கூடுதல் அம்புகளை அம்பறாத்தூணியில் தேடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு அடுத்தடுத்து விடுகிறான். டென்மார்க்கைச் சேர்ந்த லார்ஸ் ஆண்டர்சன் 2015இல் வெளியிட்ட காணொளியை இணையத்தில் பார்த்திருப்பீர்களே, அந்தப் பாணி. எகர்டன் உழைத்திருக்கிறார், உடம்பில் தெரிகிறது.

அந்த உழைப்பை எடிட்டிங் தின்றுவிட்டது. அம்பு கிளம்புவது ஒரு துண்டு, பறப்பது இன்னொரு துண்டு, ஆள் விழுவது மூன்றாவது துண்டு. மூன்றும் ஒரே இடத்தில் நடக்கிறதென்று நம்மைத்தான் ஒட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். நடுவில் ஸ்லோ மோஷன் வேறு. நாட்டிங்ஹாம் இங்கே ஒரு சுரங்க நகரம். ஆகாயம் முட்டக் குழாய்களும் நெருப்பும். குதிரை வண்டியில் அதற்குள் ஒரு துரத்தல். காசு செலவழித்தது கண்ணுக்குத் தெரிகிறது, யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, போர்வரி என்ற பெயரில் உறிஞ்சுவதும் அது எங்கே போகிறது என்ற சதியும் கதையின் மையத்தில் இருக்கிறது. ஆனால் உறிஞ்சப்படும் மக்கள் கூட்டமாகத்தான் வருகிறார்கள். முகம் சொல்லும்படி ஒரு குடும்பம் இல்லை. மெண்டல்சன் நல்ல நடிகர். ஆனால் 2016இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் செய்த சீருடை அதிகாரியையே இங்கேயும் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று உண்டு: இது முழுப் படமல்ல, முதல் பாகம். முடிவில் அடுத்த பாகத்துக்கு வாசலை அகலத் திறந்து வைக்கிறார்கள். சுமார் 10 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்கச் சேர்த்து 8.6 கோடி அளவில்தான் வசூலித்தது. வாசல் அப்படியே மூடிக்கொண்டது. கதை முடியாமல் நின்றுவிடும் என்று தெரிந்தே உட்காருங்கள்.

நண்பர்களோடு, ஒரு கண் போனிலும் ஒரு கண் டிவியிலுமாகப் பார்க்க இது போதும். பத்தாம் வகுப்புப் பையனுக்கு இந்தக் கதையை முதன்முதலாக அறிமுகப்படுத்தவும் ஆகும், அவனுக்கு மற்றதெல்லாம் மெதுவாகத் தெரியும் என்றால். அவ்வளவுதான்.

## 1938: எரோல் ஃப்ளின்

“அவ்வளவு பழசா?” என்று பக்கத்தைத் தாண்டிவிடாதீர்கள். ஆக்‌ஷன் என்ற ஒரே அளவுகோலை வைத்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

காரணம் எளிமையானது: இங்கே எல்லாம் நிஜமாக நடந்தது. ஹோவர்ட் ஹில் என்ற பேர்பெற்ற வில்லாளியை அழைத்துவந்து அம்பு விடச் சொன்னார்கள். ஸ்டன்ட் ஆட்களின் சட்டைக்குள் உலோகத் தகடு, அதன்மேல் பால்சா மரக்கட்டை. ஹில் விடும் அம்பு அந்தக் கட்டையில் போய்க் குத்தி நிற்கும். அடி வாங்கும் ஸ்டன்ட் ஆளுக்கு அம்பு ஒன்றுக்கு 150 டாலர் கூலி. மரத்திலிருந்து குதிரைமேல் இருப்பவன்மீது அம்பு பாய்ந்து அவன் சரிவதை ஒரே காட்சியில் வெட்டாமல் பார்க்கும்போது உடம்பு தானாகப் பின்வாங்கும். கணினி அம்பு ஆயிரம் விட்டாலும் அது வராது. வில் போட்டிக் காட்சியில் வில்லாளிகளில் ஒருவராக ஹில் தலைகாட்டவும் செய்கிறார்.

இன்னொரு காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். அரசர் ரிச்சர்டின் தம்பி இளவரசர் ஜான் பிரபுக்களோடு விருந்தில் இருக்கிறார். கதவு திறக்கிறது. தோளில் ஒரு முழு மானைப் போட்டுக்கொண்டு ஃப்ளின் தனியாக நடந்து வருகிறார். காவலர்களை இடித்துத் தள்ளிவிட்டு, மேஜைவரை போய், ஜானுக்கு முன்னால் அதைப் பொத்தென்று போடுகிறார். அரசனின் மானைக் கொல்வது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று படம் முன்பே சொல்லிவிட்டது. ஒரு வசனமும் இல்லாமலே ஆள் யாரென்று புரிந்துவிடுகிறது. 2018 படம் பயிற்சிக் காட்சிகளை அடுக்கிச் சொல்வதை இவர்கள் ஒரு நடையில் சொல்லிவிட்டார்கள்.

வில்லன் ஷெரீஃப் அல்ல. அவர் இங்கே காமெடியன். உண்மையான எதிராளி பேசில் ராத்போன் நடித்த ‘கை ஆஃப் கிஸ்போர்ன்’ என்ற பிரபு. ராத்போன் நிஜத்திலும் நன்றாகக் கத்தி வீசத் தெரிந்தவர். கடைசிச் சண்டை படிக்கட்டில் தொடங்கி, இருவரும் கேமராவின் பார்வைக்கு வெளியே போன பிறகு தூணில் விழும் நிழல்களாக நடக்கும். பார்த்தவர்கள் மறப்பதில்லை.

பணம்? சிறைப்பட்ட ரிச்சர்டை மீட்கப் பிணைத்தொகை என்று சொல்லி ஜான் வரி பிடுங்கித் தானே வைத்துக்கொள்கிறான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வரலாற்றில் 1192 கடைசியில் ஆஸ்திரிய டியூக்கிடம் ரிச்சர்ட் சிக்கியது உண்மை. மீட்க 1,50,000 மார்க் பேசியதும், அதற்காக மக்களின் வருமானத்திலும் உடைமையிலும் கால் பங்கை வரியாகக் கேட்டதும் உண்மை. அந்த வரிக்குக் காரணமே இந்த ‘நல்ல அரசர்’தான். பத்தாண்டு ஆட்சியில் அவர் இங்கிலாந்தில் இருந்தது ஏறக்குறைய ஆறே மாதம். பெரும்பாலான ராபின் ஹூட் படங்கள் இதைப் பார்க்காததுபோலக் கடந்துவிடும், இதுவும்தான்.

கஷ்டம் எங்கே வரும் என்றால், முதல் பத்து நிமிடத்தில். டெக்னிகலர் நிறங்கள் கண்ணைக் குத்தும், ஃப்ளின் இடுப்பில் கைவைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து ஹா ஹா என்று சிரிப்பார். அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தால் விட்டுவிடுங்கள். அடிமரப் பாலத்தில், பிறகு ராபினின் கூட்டாளியாகும் லிட்டில் ஜானோடு கழிச் சண்டை வந்ததும் அடங்கிவிடுவார்கள். ஷெர்வுட் என்று காட்டுவது கலிஃபோர்னியாவின் சீகோ நகரப் பூங்கா. மரங்களைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இசை எரிக் கோர்ன்கோல்ட், ஆஸ்கர் வாங்கியது. இந்த வேலைக்காக வியன்னாவிலிருந்து அமெரிக்கா வந்திருந்த யூதர் அவர். அவர் இங்கே இருக்கும்போதுதான் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினான். இந்தப் படம் தன் உயிரைக் காப்பாற்றியது என்று அவர் சொல்லியிருப்பது சும்மா அல்ல.

102 நிமிடம். தாத்தா முதல் பேரன்வரை ஒரே சோபாவில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

## 1991: காஸ்ட்னர் (அதாவது ஆலன் ரிக்மன்)

போஸ்டரில் கெவின் காஸ்ட்னர் இருக்கிறார். படத்தில் ரிக்மன் இருக்கிறார். ஷெரீஃபாக அவர் வரும் ஒவ்வொரு காட்சியிலும் மற்றவர்கள் காணாமல் போகிறார்கள். கோபத்தின் உச்சத்தில் கிறிஸ்துமஸையே ரத்து செய்யச் சொல்லி உத்தரவு போடும் அந்த ஆள் பயங்கரமும் கோமாளித்தனமும் ஒரே மூச்சில் செய்கிறார். அவருக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. காஸ்ட்னருக்கு மோசமான நடிகருக்கான ராஸி கிடைத்தது. அமெரிக்க உச்சரிப்போடு நாட்டிங்ஹாமில் திரிந்தால் வேறென்ன கிடைக்கும்?

அம்போடு கேமராவும் பறந்துபோய் இலக்கில் குத்துமே, அந்தக் காட்சியை அன்று தியேட்டரில் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 2018 படத்தின் வேகத்துக்கெல்லாம் விதை இதில் இருக்கிறது. சிலுவைப் போரிலிருந்து கூடவே வரும் முஸ்லிம் தோழன் என்ற யோசனையும் இங்கிருந்துதான் 2018க்குப் போனது. இங்கே மார்கன் ஃப்ரீமன் அசீமாக வருகிறார். இவர்களும் அதை 1980களின் இங்கிலாந்து டிவி தொடர் ஒன்றிலிருந்து எடுத்தவர்கள்தான்.

பூகோளம் கேட்காதீர்கள். டோவர் கடற்கரையில் இறங்குகிறார்கள், ராத்திரிக்குள் வீடு போய்விடலாம் என்கிறார் ராபின், அடுத்த காட்சி வடகோடியில் ஹேட்ரியன் சுவர். சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, மதுரை போகும் வழியில் நாகர்கோவில் வருகிறது என்று சொல்வதுபோல. அங்கே சுவரோரப் பள்ளத்தில் தனியாக நின்ற சிக்கமோர் மரம் இந்தப் படத்தாலேயே உலகப் புகழ் பெற்றது. 2023 செப்டம்பரில் ஒரு ராத்திரி அதை ரம்பத்தால் அறுத்துப் போட்டுவிட்டார்கள். 2025இல் இருவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. இன்று படத்தில்தான் அது முழுசாக நிற்கிறது.

எச்சரிக்கைகள் இரண்டு. நீளம் 143 நிமிடம். இன்னும் நீண்ட பதிப்பும் உண்டு, ரிக்மன் ரசிகராக இல்லாவிட்டால் அது வேண்டாம். இரண்டாவது முக்கியம்: உச்சக்கட்டத்தில் மேரியனைக் கட்டாயத் திருமணம் செய்து பலவந்தப்படுத்த ஷெரீஃப் முயலும் காட்சியைப் பாதிக் காமெடியாக எடுத்திருக்கிறார்கள். அன்று சிரித்தார்கள், இன்று கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சங்கடம்தான். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். டப்பிங்கிலும் பார்க்காதீர்கள். ரிக்மனின் குரலை எடுத்துவிட்டால் படத்தில் பாதி போய்விடும்.

பிரையன் ஆடம்ஸ் பாட்டு தனிக் கதை. இங்கிலாந்தில் தொடர்ந்து 16 வாரம் முதலிடத்தில் இருந்தது. எண்பதுகளில் பிறந்தவர்கள் கடைசி டைட்டில் ஓடும்போது எழுந்து போகமாட்டார்கள்.

## 2010: ரிட்லி ஸ்காட், ரஸல் க்ரோ

‘கிளாடியேட்டர்’ ஜோடி, சுமார் 20 கோடி டாலர், கான் திரைவிழாவின் தொடக்கப் படம். எதிர்பார்ப்பு எவ்வளவு இருந்திருக்கும்! வந்தது வேறு சரக்கு. முதலில் இதை ஷெரீஃபை நாயகனாக வைத்துத்தான் எழுதினார்கள். மாற்றி மாற்றி எழுதி ராபின் ஹூட்டிடம் வந்து சேர்ந்தது. அதனாலோ என்னவோ, ஷெரீஃபுக்கு இங்கே வேலையே இல்லை. மார்க் ஸ்ட்ராங் நடித்த காட்ஃப்ரே என்ற துரோகிதான் வில்லன், அரசர் ஜானாக ஆஸ்கர் ஐசக்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றுதான்: காட்டில் கொள்ளையடிக்கும் ராபின் ஹூட் இந்தப் படம் முடியும்போதுதான் பிறக்கிறான். அதுவரை இருப்பவன் ராபின் லாங்ஸ்ட்ரைட் என்ற கூலி வில்லாளி. 1199இல் பிரான்சின் ஷாலூ கோட்டை முற்றுகையில் ரிச்சர்ட் அம்படிபட்டு இறப்பதில் படம் தொடங்குகிறது. அது நடந்த விஷயம். பிறகு வரலாறு பிய்த்துக்கொண்டு போகிறது. பிரெஞ்சுப் படை கடற்கரையில் இறங்குகிறது, இரண்டாம் உலகப்போர் நார்மண்டிப் படகுகளைப் போன்ற மரப் படகுகளில். நிஜத்தில் பிரெஞ்சு இளவரசர் லூயி படையோடு இறங்கியது 1216இல். அரச அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு ராபினின் அப்பாவான கொத்தனார்தான் மூலவர் என்று வேறு சொல்கிறார்கள். சரி, விடுங்கள்.

ஆனால் போர்க்களத்தில் வில்லை இவ்வளவு கனமாகக் காட்டிய ராபின் ஹூட் படம் வேறில்லை. இங்கிலீஷ் போர்வில் விளையாட்டுப் பொருள் அல்ல. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலிலிருந்து எடுத்த வில்களை இழுக்க, பெரும்பாலும் 45 கிலோவுக்கு மேல் பலம் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒலிம்பிக்கில் ஆண்கள் இழுப்பதைப்போல இரண்டு மடங்கு. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு யாராலும் வசனம் பேச முடியாது. இழுத்த மூச்சில் விட்டுவிட வேண்டும். மற்றப் படங்களில் நாணை இழுத்தபடி அரை நிமிடம் சவால் விடுவார்கள். க்ரோவின் தோளும் முதுகும் அசைவதைப் பார்த்தால் அந்த எடை தெரியும்.

பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இயக்குநர் பதிப்பை எடுங்கள். 140க்குப் பதில் 156 நிமிடம். மேரியனாக வரும் கேட் பிளான்செட்டுக்கும் பட்டினி கிடக்கும் ஊருக்கும் அந்தக் கூடுதல் நிமிடங்களில் இடம் கிடைக்கிறது. விதை நெல் இல்லாமல் ஒரு கிராமம் என்ன செய்யும் என்பதை இதில்தான் யோசித்திருக்கிறார்கள். ஞாயிறு மதியம், தனியாக, வரலாற்றுப் போர்ப் படம் பிடிக்கும் என்றால் தாராளமாக. பிள்ளைகளுக்கு “எப்பப்பா கொள்ளையடிப்பாரு?” என்று கேட்டே அலுத்துவிடும்.

## ஆக்‌ஷன் கணக்கில் வராத இரண்டு

டிஸ்னியின் 1973 கார்ட்டூனை சிறுவர் படம் என்று ஒதுக்குகிறோம். ஆனால் பணம் என்ற அளவுகோலில் மற்ற ஐந்தையும் இது தோற்கடிக்கிறது. முயல் குட்டி ஒன்றுக்குப் பிறந்தநாள். ஏழைத் தாய் ஒரே ஒரு காசைப் பொதிந்து பரிசாகக் கொடுக்கிறாள். ஓநாய் ஷெரீஃப் உள்ளே வருகிறான், வாழ்த்துகிறான், அந்தக் காசையும் வரியாக எடுத்துக்கொண்டு போகிறான். கால் ஒடிந்த கொல்லனின் மாவுக்கட்டைத் தட்டி, அதற்குள் ஒளித்துவைத்த சில்லறையைக் கொட்டுகிறான். வரி என்றால் என்ன, அநியாய வரி என்றால் என்ன என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித் தர முடியாது. 83 நிமிடம். சிக்கனத்துக்குப் பழைய டிஸ்னி படங்களின் அசைவுகளையே மறுபடி வரைந்திருக்கிறார்கள். லிட்டில் ஜான் கரடியைப் பார்த்து ‘பலூதானே இது?’ என்று பிள்ளைகள் கேட்டால், ‘ஜங்கிள் புக்’ கரடி பலூவுக்கும் இதற்கும் குரல் கொடுத்தவர் ஒரே ஆள்தான், ஃபில் ஹாரிஸ்.

மற்றொன்று 1976இல் ரிச்சர்ட் லெஸ்டர் எடுத்த ‘ராபின் அண்ட் மேரியன்’. ஷான் கானரி, ஆட்ரி ஹெப்பர்ன். இருபது ஆண்டு சிலுவைப் போருக்குப் பிறகு ராபின் திரும்புகிறான். முடி நரைத்துவிட்டது, மேரியன் கன்னிமடத் தலைவியாகிவிட்டாள். ஷெரீஃபாக ராபர்ட் ஷா, ராபினை மதிக்கிற, புரிந்துகொண்ட, களைத்த எதிரி. என்னைக் கேட்டால் இந்த வரிசையில் ரிக்மனுக்குச் சமமாக நிற்கும் ஒரே ஷெரீஃப் இவர்தான். இருவரும் கடைசியில் மோதும்போது வாள் கனக்கிறது, மூச்சு வாங்குகிறது, ஒரு வீச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நின்று சுதாரிக்கிறார்கள். ஆக்‌ஷன் வேண்டும் என்று வருபவர்களுக்கு இது ஆகாது. கல்யாணமாகி இருபது வருஷமான தம்பதிக்கு நான் வேறெதையும் சொல்லமாட்டேன். முடிவைப் பற்றி முன்னாலேயே படித்துவிடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| படம் | நிமிடம் | வில் | எதிராளி | பணம் | யாரோடு |
|---|---|---|---|---|---|
| 1938 ஃப்ளின் | 102 | நிஜ அம்பு | அருமை | பரவாயில்லை | எல்லோரோடும் |
| 1973 டிஸ்னி | 83 | விளையாட்டு | சிரிப்பு | முதலிடம் | சின்னப் பிள்ளைகள் |
| 1976 கானரி | 106 | குறைவு | மிக நன்று | பெரிதாக இல்லை | நாற்பது தாண்டியவர்கள் |
| 1991 காஸ்ட்னர் | 143 | கேமரா வித்தை | ரிக்மன் | சுமார் | பெரியவர்கள் மட்டும் |
| 2010 க்ரோ | 140 / 156 | எடை தெரியும் | சுமார் | நன்று | தனியாக |
| 2018 எகர்டன் | 116 | வேகம், துண்டு துண்டு | பார்த்த முகம் | பேச்சில் மட்டும் | நண்பர்கள் |

## அப்போ 2018ஐ என்ன செய்வது?

ஏற்கனவே கட்டியிருக்கும் சந்தாவில் இருந்தால், முதல் அரைமணி நேரம் பாருங்கள். பாலைவனச் சண்டை முடிந்து ராப் ஊர் திரும்புவதுவரை. அங்கே உங்களுக்குப் பிடித்திருந்தால் தொடருங்கள், மீதி அதைவிட நன்றாக இருக்காது என்று தெரிந்துகொண்டு. தனியாக வாடகை கட்டித்தான் பார்க்க வேண்டும் என்றால் வேண்டாம். அந்தக் காசை 1938க்குப் போடுங்கள்.

நவீன வேகம் கட்டாயம் வேண்டும், ஆனால் கதையும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு 1991தான் நடுவழி. அதைப் பார்த்த அடுத்த வாரமே மெல் புரூக்ஸ் 1993இல் எடுத்த கிண்டல் படத்தையும் பார்த்துவிடுங்கள். கேரி எல்வெஸ் ராபினாக வந்து, மற்றவர்களைப் போலன்றித் தனக்கு இங்கிலீஷ் உச்சரிப்பு வரும் என்று காஸ்ட்னரைக் குத்துவார். காஸ்ட்னர் படம் பார்க்காமல் அதைப் பார்த்தால் பாதி ஜோக் புரியாது, அதனால் வரிசையை மாற்றவேண்டாம்.